மக்கு மாணவி

"அவர் பேசறதை நிறுத்திட்டார். இதை இங்கிலீஷ்ல சொல்லு," என்றார் கணவர், ஒவ்வொரு சொல்லாக அழுத்தி.

"ஹி ஸ்டாப்ட் டு டாக்," என்றாள் மனைவி.

"தப்பு! அப்படின்னா பேசறதுக்காக நின்னார்னு அர்த்தம். ஸ்டாப்ட் டாக்கிங்! உன்னோட கத்திக் கத்தியே தொண்டைத் தண்ணி வத்துது. மக்கு!"

தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனவளின் கைபேசி ஒலித்தது. அழைத்தவர் கல்லூரி முதல்வர்.

"மேடம், ஆங்கிலத் துறைத் தலைவர் இல்லாம தவிக்கிறோம். லீவு முடிஞ்சு எப்ப வர்றீங்க?"

"திங்கக்கிழமை வந்துடறேன், சார். பக்கவாதத்துல பேச்சு போயிருந்த என் வீட்டுக்காரர், நான் ஒருநாள் வாய் தவறி இங்கிலீஷைத் தப்பாப் பேசினதும் 'தப்பு'ன்னார். அதுதான் முதல் பேச்சு. அன்னியிலேருந்து வேணும்னே தப்பாப் பேசறேன். பாவம், நான் புரொபசர்ங்கறதே அவருக்கு மறந்துபோச்சு. இன்னிக்கு முழு வாக்கியமாவே திட்டினார், சார்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தண்ணீரை நீட்டினாள். குடித்து முடித்தவர் அவள் கையை விடவில்லை.

"காலேஜ்ல பசங்களுக்காவது சரியாச் சொல்லிக்கொடு, புரொபசரம்மா."

அவள் திகைத்தாள். "எல்லாம் ஞாபகம் இருக்கா? தெரிஞ்சேவா திட்டினீங்க?"

"நான் திட்டத் திட்ட உன் முகம் மலர்ந்துச்சே! உனக்கு நன்றி சொல்ல எனக்கு வேற வழி தெரியலை."