காணிக்கைத் துப்பாக்கி

அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்துக்காக வேதக்கோயில் முற்றத்தில் விரித்த பாயில், மட்டி வாழைக்குலைக்கும் கால் கட்டிய கோழிக்கும் நடுவே ஒரு கைத்துப்பாக்கி கிடக்கிறது. உச்சி வெயிலில் அதன் குழல் மின்னுகிறது. ராகேலின் புருஷன் பர்மா சண்டையிலிருந்து கொண்டுவந்தது. அவன் செத்த பிறகு, வரப்புத் தகராறுக்கு அது வேண்டுமென்று கொழுந்தன் தாசையன் தினமும் வந்து நிற்கிறான். இப்போதும் ஏலம் தொடங்குமுன்பே, உட்கார்ந்தபடி கையைத் தூக்கிவிட்டான். கோயிலை நடத்தும் உபதேசியார் யோவான் ராகேலிடம் குனிகிறார். "எம்மா, லைசன்ஸ் இல்லாம இதை வித்தாலும் குத்தம், வாங்கினாலும் குத்தம். வீட்டுக்கு எடுத்திட்டுப் போ." ராகேல் முந்தானையை இழுத்துச் செருகுகிறாள். "காணிக்கை வச்சதைத் திரும்ப எடுக்கப்பிடாதுன்னு நீங்கதானே சொல்லுவிய? நான் தொடமாட்டேன்." கோழி ஒருமுறை சிறகடித்து அடங்குகிறது. உபதேசியார் தாசையனின் கையைப் பார்க்கிறார். "அப்போ போலீஸ் ஸ்டேஷன்லதான் ஒப்படைக்கணும்." ராகேல் குரலைத் தாழ்த்துகிறாள். "அதுக்குத்தான் இங்க கொண்டாந்தேன். நான் கொண்டுபோனா வழியில கொழுந்தன் பிடுங்கிருவான். ஆண்டவருக்கு வச்சது உங்க கையில இருந்தா எவன் பிடுங்குவான்?" உபதேசியார் துப்பாக்கியைக் காணிக்கைத் தட்டில் வைத்து இரு கைகளாலும் ஏந்துகிறார். ராகேல் அவருக்குக் குடை பிடித்து ஸ்டேஷன் பக்கம் நடக்கிறாள். தட்டு வருவதைக் கண்டதும் கூட்டம் ஆராதனைப் பழக்கத்தில் எழுந்து நிற்கிறது. தூக்கிய கையை இறக்கிக்கொண்டு தாசையனும் எழுகிறான்.