அரசி அழாத காட்சி

பதினோரு வருடம் மேடையில் மகனைப் பறிகொடுத்த அரசியாக நடித்தவள் வத்சலா. அவள் கணவர் சிதம்பரநாதன் அந்த நாடகத்தை இந்தக் காலத்துக் கதையாக்கிப் படமெடுத்தபோது, அரசி ஒரு லாரி முதலாளியின் மனைவியானாள். வேடம் வேறொரு நடிகைக்குப் போனது. வத்சலா அதற்கு முகம் சுளிக்கவில்லை.

படத்தை முதன்முதலாகப் போட்டுக் காட்டிய அன்று கடைசிக் காட்சி வந்தது. மேடையில் வத்சலா மகனின் உடல்மேல் விழுந்து கதறுவாள். திரையில் அந்த நடிகை அழவில்லை. மகனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகம் வெட்டினாள். "நாளைக்கு டீச்சர் திட்டுவாங்கடா" என்றாள்.

ஆறு வருடத்துக்கு முன், ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கிடத்திய தன் இறந்த பிள்ளைக்கு வத்சலா அப்படித்தான் நகம் வெட்டினாள், அதையேதான் சொன்னாள். அப்போது அறையில் இருந்தது சிதம்பரநாதன் மட்டும். முகத்தைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

விளக்கு எரிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் அவள் பக்கம் குனிந்தார். "எப்படி வந்திருக்கு?"

"அன்னைக்கு நீங்க அழறீங்கன்னு நெனச்சேன்" என்றாள் வத்சலா. "பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் யாரோ ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து, அந்த நகம் வெட்டும் யோசனை எப்படி வந்ததென்று கேட்டார்.