கம்பத்துக்குக் கெடச்ச மரியாதை

ஒரு மைதானத்துல ஒரு கொடிக்கம்பம் இருந்துச்சு. வருஷத்துல ரெண்டு நாள்தான் அதுல கொடி ஏறும். மிச்ச நாளெல்லாம் ஒரு வெள்ளாட்டக் கட்டி வச்சிருப்பாங்க. ஆடு கம்பத்துல முதுகச் சொறிஞ்சுக்கிட்டே ஊர்க்கதை பேசும்.

சுதந்திர தினத்தன்னைக்கு விடிஞ்சதும் ஆட்ட அவுத்து, தூரத்து வேப்பமரத்துல கட்டுனாங்க. கம்பத்துக்கு அவசர அவசரமா வெள்ளப் பெயிண்ட் அடிச்சாங்க. பஞ்சாயத்துத் தலைவர் வந்து கயித்த இழுத்தாரு. முடிச்சு இறுகிப்போய், மூணாவது இழுப்புலதான் கொடி விரிஞ்சு பூ கொட்டுச்சு. எல்லாரும் பாடுனாங்க. மிட்டாய் தீர்ந்ததும் மைதானம் காலி.

"இனிமே இதுல ஆடு கட்டுனா நாட்டுக்கே அவமானம்"னு சொல்லிட்டுப் போனாரு தலைவர். சாயங்காலம் கொடிய இறக்கி, கம்பத்தச் சுத்தி வேலி போட்டுட்டாங்க.

மறுநாள் வேப்பமரத்தடியிலேர்ந்து ஆடு கத்துச்சு. "என்னப்பா பெரிய மனுசா! நேத்து ஒனக்கு ஏகப்பட்ட சல்யூட்டு!"

"எனக்கில்லடி, கொடிக்கு."

"பாட்டு பாடுறப்ப நீ அழுத. இங்கேர்ந்தே பாத்தேன்."

"அது பெயிண்ட் வழிஞ்சுது."

"புளுகாத."

"சரி, அழுதேன். அந்தப் பாட்டக் கேட்டா எப்பவும் அப்படித்தான்."

"இப்பதான் வேலியெல்லாம் போட்டாச்சே. அப்புறம் ஏன் மூஞ்சி தொங்குது?"

கம்பம் வேப்பமரப் பக்கம் பாத்துச்சு. "மரம் முதுகுக்குச் சொகமா இருக்கா?"

ஆடு ஒருதரம் ஒரசிப் பாத்துச்சு. "சொகந்தான். ஆனா இது வாயே தெறக்க மாட்டேங்குது."

"அப்ப எங்கிட்ட பேசு. கொஞ்சம் சத்தமா. ஜனவரி வரைக்கும் இங்க யாரும் வர மாட்டாங்க."