ஆள் வருது

ஜக்கம்மாளுக்கு நடந்தது அநியாயம்தான்.

சிலமலையிலிருந்து வெயில் தாழும் முன்பே போடிக்கு வந்து, திருவிழா மேடைக்கு எதிரே பாய் விரித்து இடம் பிடித்தவள் அவள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அவளுக்கு நேர் முன்னால் ஒரு மடக்கு சேரைக் கொண்டுவந்து விரித்தார். அதன்மேல் துண்டைப் போட்டார். தள்ளிப்போய்ப் பந்தல் கம்பத்தில் சாய்ந்துகொண்டார்.

கூட வந்திருந்த ஜக்கம்மாளின் அண்ணன் மகள் முத்துப்பிரியாவுக்குச் சுள்ளென்று ஏறியது. மதுரையில் எம்.ஏ. வரலாறு படிக்கிறவள்.

"என்ன அத்தை இது? நீங்க பாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"மேடை ஒசரமாத்தானே இருக்கு ஆத்தா. சேருக்கு மேல தெரியுது. விடு."

"இப்ப தெரியும். வந்து ஆள் உக்காந்தா? முதுகைத்தான் பாக்கணும்."

ஜக்கம்மாள் காதில் அது ஏறவில்லை. அவள் மகள் ரோஜா இன்றைக்குத்தான் முதன்முதலாக மேடையேறிப் பாடப்போகிறாள். சுற்றியிருந்த பாய்க்காரர்கள் எல்லோரிடமும் அதைச் சொல்லியாயிற்று. கடலை விற்கிறவரிடமும் சொல்லியாயிற்று. சற்றுமுன் அந்தப் பக்கமாகப் போன இதே வெள்ளைச் சட்டைக்காரரையும் நிறுத்திவைத்துச் சொல்லியிருந்தாள்.

முத்துப்பிரியா எழுந்து கம்பத்தடிக்குப் போனாள்.

"யாருண்ணே அதுல உக்காரப் போறது?"

"ஆள் வருதும்மா."

"எப்ப வரும்?"

"வந்துரும்."

"முன்னால பாய், பின்னால சேருன்னு இப்பத்தான் மைக்குல சொன்னாங்க. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப எடுங்க."

"இருக்கட்டும்மா."

வாதாடப் பிடித்தவளுக்கு இப்படி ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லும் ஆளைவிட எரிச்சலூட்டுவது வேறு என்ன இருக்கிறது?

"இது பொது இடம்ணே. யாரு வேணாலும் வரலாம், நிக்கலாம். ஒரு துண்டைப் போட்டுட்டா ஒங்க பேருக்குப் பட்டாவாயிருமா?"

அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவளிடம் பக்கத்துப் பாய் மூக்கம்மாள் சொன்னாள்: "அது ஏலக்காய் கமிசன் கடை விஜயபாண்டியில்ல? அவர்கிட்டயா மல்லுக்கு நின்ன? ஏன் ஜக்கு, ஓம் மருமக வக்கீலுக்குப் படிக்குதா?"

"இல்ல, வரலாறு" என்றாள் ஜக்கம்மாள்.

"அதான் ஊர்ச் சண்டையெல்லாம் தேடிப் போகுது."

கச்சேரி சூடு பிடித்தது. பாய்களுக்கு நடுவே கால் வைக்க எங்கெங்கே இடம் இருந்ததோ, அங்கெல்லாம் இளவட்டங்கள் புகுந்து ஆடினார்கள். அந்தச் சேரை மட்டும் யாரும் நெருங்கவில்லை. துண்டைக் கண்டதும், "டேய், ஆள் வருது போல" என்று ஒதுங்கிப் போனார்கள்.

முத்துப்பிரியாவுக்கு அடக்க முடியவில்லை.

"பாத்தீங்களாத்தை? அங்க உக்காந்திருக்கிற மனுசிய மிதிக்காத குறையா ஆடுறாய்ங்க. ஆனா பணக்காரன் துண்டுக்கு எம்புட்டு மரியாதை!"

விறுவிறுவென்று போனாள். துண்டை உதறினாள். சேரை மடக்கினாள். கொண்டுபோய் விஜயபாண்டியின் பக்கத்தில் கம்பத்தோடு சாத்தினாள்.

"ஒங்க ஆள் வந்தா பின்னால உக்காரச் சொல்லுங்க."

"ஐயோ, வேணாம்மா..." என்று பதறினார் அவர். அவள் நிற்கவில்லை. ஜெயித்துவிட்ட நடை.

"அடுத்து, நம்ம சிலமலையோட செல்லக்குரல், ரோஜா!" என்றது மைக்.

விசில் பறந்தது. இளவட்டங்கள் திமுதிமுவென்று முன்னால் வந்தார்கள். சேர் இருந்த இடம் கண் மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிட்டது.

பாட்டு ஆரம்பித்தது. ஜக்கம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம் கைலிகளும் முதுகுகளும்தான்.

"ஏத்தா, புள்ள குரல் கேக்குது. ஆளைத் தெரியலையே!"

எழுந்து நிற்கலாமென்று தரையில் கை ஊன்றினாள். வருசக்கணக்காக ஏலக்காய் பொறுக்கிச் சம்மணம் போட்டே தேய்ந்த மூட்டு. எழ முடியவில்லை.

"தம்பி, கொஞ்சம் உக்காருங்கப்பா! பின்னால மறைக்குது" என்று கத்தினாள் முத்துப்பிரியா.

"பொது இடந்தானக்கா?" என்றான் ஒருத்தன், ஆடிக்கொண்டே.

முத்துப்பிரியா நுனிக்காலில் எக்கிப் பார்த்தாள்.

"எம்புள்ள எந்தக் கலர் சேலை கட்டியிருக்குன்னாவது பாத்துச் சொல்லேன்" என்றாள் ஜக்கம்மாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு விஜயபாண்டி வந்தார், தலைக்கு மேலே சேரைத் தூக்கிப் பிடித்தபடி.

"தள்ளு தள்ளு! ஆள் வருதுப்பா, வெரசா தள்ளு!"

முதுகுகள் விலகின. அவர் சேரை அதே இடத்தில் விரித்தார். துண்டைப் போட்டார்.

அந்த இடைவெளியில் மேடை தெரிந்தது. மேடையில் ரோஜா தெரிந்தாள், மாம்பழக் கலர் சேலையில், கண்ணை மூடிப் பாடிக்கொண்டு.

"ஏ மூக்கம்மா! அந்தா பாரு, எம்புள்ள!"

ஜக்கம்மாள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும் வரை முத்துப்பிரியா அந்தக் காலிச் சேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பத்தடிக்குப் போனாள். இந்த முறை குரலில் சண்டை இல்லை. ஆனால் கூட்டத்தின் இரைச்சலில் சத்தமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அண்ணே, நெசமாச் சொல்லுங்க. யாருண்ணே வர்றது?"

விஜயபாண்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"மெல்லப் பேசு தங்கச்சி. யாரும் வரலைன்னு தெரிஞ்சா, அம்புட்டுப் பேரும் ஒங்க அத்தைக்கு முன்னால வந்து நின்னுருவாய்ங்க."