படிக்கக் கூடாத சீட்டுகள்

ஆலயக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பீடத்தின் முன்னால் மரச்சிலுவையைத் தரையில் கிடத்தி, கோயில்பிள்ளை குறடால் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மணியடிப்பதும் ஆலயம் பெருக்குவதும் போல இதுவும் அவர் வேலைதான். பிடுங்கிய சீட்டுகளைத் தகர டப்பாவில் போட்டுக் கொளுத்துவதும் அவர் வேலைதான்.

ஆனால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தாரே!

புனித வெள்ளியன்று சபையார் தங்கள் பாவத்தைப் பேர் போடாமல் எழுதி, மடித்து, சிலுவையில் வைத்து ஆணியடிப்பார்கள். மறுநாள் காலை, யார் கண்ணிலும் படாமல் எல்லாம் சாம்பலாகிவிடும். அந்த நம்பிக்கையில்தான் அவளும் எழுதியிருந்தாள்.

அவள் ஆஸ்பத்திரியின் தலைமை மருந்தாளர். நேற்று அவசரத்தில் பைக்குள் அகப்பட்ட தாளில் எழுதிவிட்டாள். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது: அது மருந்தகத்துச் சீட்டு. பின்பக்கம் அவளுடைய பதவி முத்திரை. விடிந்ததும் ஓடிவந்தது அதை எடுத்துக்கொண்டு போகத்தான்.

“என்ன செய்றீங்க?”

கோயில்பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஆனால் எதையும் மறைக்கவில்லை.

“படிக்கிறேம்மா.”

“வெட்கமா இல்ல? ஊரார் பாவத்தை மோப்பம் பிடிக்கவா உன்னை வேலைக்கு வெச்சிருக்கு? இப்பவே போதகர்கிட்ட சொல்றேன். நாளைக்கு மணியடிக்க வேற ஆள் வரும், பாரு!”

“சொல்லுங்கம்மா. தப்புத்தான்.”

அந்த நிதானம் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“எத்தனை வருஷமா நடக்குது இந்தத் திருட்டுத்தனம்?”

“தையல்காரர் போனதிலேர்ந்து.”

அது அவளுக்கும் தெரியும். ஓர் ஈஸ்டர் விடியலில், எல்லோரும் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, தையல்காரர் தன் கடைக்குள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்.

“அவரும் ரெண்டு நாள் முந்தி சீட்டு எழுதித்தாம்மா ஆணியடிச்சார். நான்தான் படிக்காம எரிச்சேன். என்ன எழுதியிருந்தாரோ…” குறடைக் கீழே வைத்தார். “அதுக்கப்புறம் படிக்காம எரிக்கக் கை வரலை. எழுத்தைப் பார்த்தே பாதிப் பேரைத் தெரியுமே எனக்கு. போன வருஷம் ரெண்டு வீட்டுக் கதவைத் தட்டினேன். ரெண்டு பேரும் நேத்து வந்திருந்தாங்கம்மா, உயிரோட.”

அவள் கண் தகர டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தது.

“அதுல இல்லம்மா. உங்களுது இங்கே இருக்கு.”

சட்டைப்பையிலிருந்து எடுத்தார். முத்திரை மேலாகத் தெரிந்தது.

“படிச்சாச்சா?” கையை நீட்டினாள் அவள்.

“மருந்தை மாத்திக் கொடுத்தது நீங்க. பழியோட வேலையை விட்டுப் போனது உங்களுக்குக் கீழே இருந்த பொண்ணு. அதானேம்மா?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மூணு வருஷமா இதே வரி வருது. எழுத்தும் பிடிபடலை, யாருன்னும் தெரியாம தவிச்சுப் போனேன்.”

வெடுக்கென்று பறித்துக் கசக்கினாள்.

“இதோ பாரு. நம்ம பாவத்தை எல்லாம் ஆண்டவர் சிலுவையில சுமந்துட்டார். என்னோடதும் அங்கேயே தீர்ந்துபோச்சு. அதானே நம்ம விசுவாசம்? இல்லேங்கிறியா?”

“ஐயோ, நானும் அதைத்தாம்மா நம்பறேன்,” என்றார் கோயில்பிள்ளை. “அவரே சுமந்துட்டார்னா, அந்தப் பொண்ணு எதுக்கும்மா இன்னும் சுமக்குது?”