நீட்டின மூக்கு

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில், ஒரு அலமாரியில் ரெண்டு கேமரா இருந்ததாம். ஒன்று, கல்யாண மண்டபங்களில் உழைத்த பழைய பெரிய டி.எஸ்.எல்.ஆர். இன்னொன்று, உள்ளங்கை அளவு பயணக் கேமரா. அவற்றை வைத்திருந்த செவ்வந்தி, யானை பார்க்க மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒன்றைத்தான் எடுத்துப்போவாள்.

“அண்ணே, நீங்க செங்கல் கனம். நான் பாக்கெட்ல உட்கார்ந்தே போயிடுவேனே!” என்று குதித்தது சின்னது.

“நீதான்பா போகப்போறே,” என்றது பெரியது. “எங்கே, எனக்கு வராத அந்த வித்தையைக் காட்டு. உனக்கு மூக்கு நீளுமாமே?”

சின்னதுக்குத் தலைகால் புரியவில்லை. விர்ரென்று தன் லென்ஸ் மூக்கை நீட்டியது, சர்ரென்று உள்ளே இழுத்தது.

“அடேயப்பா! இன்னொரு தடவை!”

விர்ர், சர்ர். நடுநடுவே பளிச் பளிச்சென்று ஃபிளாஷ் வேறு. நூறாவது தடவை நீட்டியபோது பேட்டரி தீர்ந்து, மூக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

செவ்வந்தி ஓடி வந்தாள். சின்னதைப் பாக்கெட்டில் திணித்துப் பார்த்தாள்; மூக்கு இடித்தது. வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. சட்டென்று பெரியதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“வரட்டுமா தம்பி? மூக்குக்குச் சளி பிடிக்காம பார்த்துக்கோ!” என்றது பெரியது.

அவள் நடக்க நடக்க, அது அவள் வயிற்றில் தொம் தொம்மென்று மோதிக்கொண்டே போனது.