மீன்காசுக்குப் பொங்கல் குளியல்

கோட்டை மேட்டில் வளை தோண்டிக் குடியிருந்த பெருச்சாளிக்கும் புளியமரத்துக் காக்காவுக்கும் பழங்காசு சேர்ப்பதில் ஒரே பைத்தியம். பொங்கல் வந்தால் ஆளுக்கொரு காசை வெற்றிலையில் மடித்து மாற்றிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் காக்கா தன் யானைக்காசைத் தருவதாக ஒத்துக்கொண்டது. பதிலுக்குக் கேட்டது பெருச்சாளியிடம் இருந்த, மீன் பொறித்த மீன்காசை. யானைக்காசுக்காக நாலு பொங்கலாக ஏங்கிக்கிடந்த பெருச்சாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மீன்காசை எடுத்துப் பார்த்தால் மேலெல்லாம் பச்சைக் களிம்பு. நல்ல நாளும் அதுவுமாக இப்படி அழுக்காகவா கொடுப்பது என்று புளியும் செங்கல் தூளும் போட்டுக் கை வலிக்கத் தேய்த்தது. காசு தகதகவென்று ஆனது.

வெற்றிலையைப் பிரித்த காக்கா ஒரு கண்ணால் பார்த்தது, பிறகு தலையைச் சாய்த்து மறு கண்ணாலும் பார்த்தது.

"மீன் எங்கண்ணே?"

"அழுக்கோட போயிருக்கும் தங்கச்சி. பளபளப்பைப் பாரு."

"அந்தப் பச்சைதாண்ணே அதோட வயசு. அதைப் போய்க் குளிப்பாட்டி வெச்சிருக்கீங்களே."

காக்கா மீன்காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, யானைக்காசை மறுபடி சிறகுக்குள் செருகிக்கொண்டது.

பெருச்சாளி அன்றைக்கே காசை ஈரமண்ணில் புதைத்தது. தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்தது. எட்டாம் நாள் புளியமரத்தடியில் வந்து அண்ணாந்து நின்றது.

"தங்கச்சி, பச்சையும் மீனும் எப்ப திரும்ப வரும்?"

"பச்சைக்கே ஆயிரம் வருஷமாகும்ணே."

பெருச்சாளி மீசையைத் தடவிக்கொண்டது.

"சரி, அதுவரைக்கும் யானையை வேற யாருக்கும் கொடுத்துடாதே."